அமானிதத்தைக் காக்கவும் படிப்பு வேண்டும்

(நமது அறக்கட்டளையின் ஆண்டுக் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில், அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையில் நாங்கள் வரவு செலவு வாசிப்போம், உதவி பெறும் பிள்ளைகளின் பெயரை வாசிப்போம், துஆவோடு கலைந்து செல்வோம். இந்த ஆண்டு கணக்கை வாசிக்கும் முன், சென்ற ஆண்டு வந்த ஒரு விண்ணப்பத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லும்போது எங்கள் நிர்வாகம் செய்த ஒரு தவறையும் சேர்த்தே சொல்ல வேண்டிவரும். மறைக்காமல் சொல்கிறோம்.

அந்த விண்ணப்பம் நம் ஊர்த் தறிக்காரர் ஒருவரின் மகளுடையது. பெயர் வேண்டாம். திருநெல்வேலியில் பி.காம். முடித்த பிள்ளை. எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்து, கட்டணத்துக்கு உதவி கேட்டிருந்தது. 'எந்தப் பாடத்தில் சிறப்புக் கவனம் செலுத்த விரும்புகிறீர்கள்?' என்று நம் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. மற்ற பிள்ளைகள் அந்த இடத்தில் மனிதவளம், மார்க்கெட்டிங் என்று எழுதுவார்கள். இந்தப் பிள்ளை 'முதலீட்டுத் தொகுப்பு மேலாண்மை' என்று எழுதியிருந்தது.

படிவம் குழுவின் முன் வந்தபோது, எங்களில் மூத்தவரான ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "இது ஷேர் மார்க்கெட் படிப்புதானே? சூதாட்டம் படிக்கிறதுக்கா நாம பணம் கொடுக்கணும்? ஜனங்க ஜகாத்தையும் சதக்காவையும் இதுக்கா கொடுத்தாங்க?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். அந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. பங்குச் சந்தையில் எஃப் அண்டு ஓ என்ற ஒரு வகை வியாபாரம் உண்டு. பங்கை வாங்காமலேயே, அதன் விலை ஏறுமா இறங்குமா என்பதன் மேல் பணம் கட்டுவது. அதில் இறங்கிய தனிநபர்களைப் பற்றிச் சந்தையின் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே ஓர் ஆய்வு நடத்தி 2024 செப்டம்பரில் வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டம் அடைந்திருக்கிறார்கள். நம் ஊரிலும் செல்போனை வைத்துக்கொண்டு இதில் பணம் விட்ட இளைஞர்கள் உண்டு. அவர்களின் பெற்றோர் சிலர் இங்கேயே அமர்ந்திருக்கிறீர்கள்.

ஆகவே அன்று நாங்கள் முடிவெடுக்காமல் ஒரு மாதம் தள்ளி வைத்தோம். அந்த ஒரு மாதத்தில் அலுவலகப் பழைய பேரேடுகளை எடுத்துப் பார்த்தபோதுதான், நாங்களே மறக்க நினைத்த ஒரு கணக்கு கண்ணில் பட்டது.

2009-இல் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் சவூதியில் வேலை பார்த்த இடத்தில் மவுத்தானார். இரண்டு சிறு பிள்ளைகள். அவருக்கு வந்த தொகையில் 6 லட்சம் ரூபாயை, பிள்ளைகள் பெரியவர்களானதும் கொடுக்கும்படி அந்தத் தாயார் நம் அறக்கட்டளையில் அமானிதமாக ஒப்படைத்தார். யத்தீம் பிள்ளைகளின் பணம். கையில் வாங்கும்போதே எங்களுக்கு நடுக்கமாக இருந்தது.

வட்டி சேரக்கூடாது என்பதற்காக 4 லட்சத்தை நடப்புக் கணக்கில் போட்டோம். மீதி 2 லட்சத்தை, லாபத்தில் பங்கு என்ற பேச்சில், ஒரு நூல் வியாபாரியிடம் கொடுத்தோம். நல்ல மனிதர், முதல் வரிசையில் தொழுபவர் என்று நம்பினோம். ஒப்பந்தம் எழுதவில்லை. அவருடைய கணக்கைப் பார்க்கவும் இல்லை. இரண்டு வருடத்தில் அவர் வியாபாரம் நொடித்துப்போய், அந்தப் பணமும் போயிற்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று குர்ஆனின் மிக நீண்ட ஆயத்தே சொல்கிறது. மதரஸாவில் அதை ஓதிய நாங்கள்தான் எழுதாமல் கொடுத்தோம். அந்த 2 லட்சத்தை நிர்வாகிகள் எல்லோரும் சொந்தக் கையிலிருந்து பங்கு போட்டு நிரப்பினோம்.

2021-இல் மூத்த பையனுக்கு 6 லட்சத்தையும் முழுமையாகத் திருப்பிக் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தத் தம்பி சொன்னான்: "ஒரு பைசாகூடக் குறையல மாமா, அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யணும். அத்தா மவுத்தான அன்னைக்கு இந்தப் பணத்துக்கு ஒரு வீட்டு மனை வாங்கியிருக்கலாம்னு அம்மா சொல்வாங்க. இப்ப பாதி மனைகூட வராது."

அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போன எங்களில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

இதில் உள்ள கணக்கு எளிமையானது. விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 72-ஐ 6-ஆல் வகுத்தால் 12. பன்னிரண்டு ஆண்டில் விலைகள் இரண்டு மடங்காகும். அப்போது பெட்டியில் பூட்டி வைத்த ஒரு லட்சம், ஐம்பதாயிரத்துக்கு வாங்கக்கூடிய பொருளைத்தான் வாங்கும். நோட்டு அப்படியே இருக்கும், அதன் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். நாங்கள் அந்தப் பிள்ளைகளின் பணத்தை வைத்திருந்ததும் பன்னிரண்டு ஆண்டுகள்தான்.

முன்னோர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். யத்தீம்களின் பொருளை வியாபாரத்தில் ஈடுபடுத்துங்கள், இல்லாவிட்டால் ஜகாத் அதைத் தின்றுவிடும் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் பொறுப்பில் இருந்த யத்தீம்களின் பொருளை, அவர்களுக்காக வியாபாரம் செய்யக்கூடியவர்களிடம் கொடுத்து வந்தார்கள் என்றும் அதே நூலில் இருக்கிறது. சிறுவரின் பொருளுக்கு ஜகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, ஆலிம்கள் விளக்குவார்கள். ஆனால் பொருளைச் சும்மா வைத்துத் தேயவிடக் கூடாது என்ற அக்கறை அந்தச் செய்திகளில் தெளிவாகவே இருக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தப் பேரேட்டை ஹாஜியார் முன்னால் விரித்து வைத்தோம். "நாம திருடல. ஆனா நமக்குத் தெரியல. தெரியாததால அந்தப் பிள்ளைகளுக்கு பாதி போச்சு. இதைத் தெரிஞ்சுக்கிறதுக்குத்தானே இந்தப் பொண்ணு படிக்கணும்கிறா?" என்று கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளையையும் அவ அத்தாவையும் வரச் சொல்லுங்க. என்ன படிக்கப்போறான்னு அவ வாயால கேப்போம்" என்றார்.

அவர்கள் வந்தார்கள். அந்தப் பிள்ளை சொன்னதையும், அதன் பிறகு நாங்கள் விசாரித்து அறிந்ததையும் இப்போது உங்களுக்குச் சொல்கிறோம். உங்கள் வீட்டிலும் பி.காம்., பி.பி.ஏ., பொருளாதாரம், கணிதம் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

முதலீடு என்றதும் 'எந்த ஷேர் வாங்கலாம்' என்று டிப்ஸ் கொடுக்கும் படிப்பு என்று நாம் நினைக்கிறோம். பல்கலைக்கழகப் பாடம் அது அல்ல. எம்.காம்., எம்.பி.ஏ. வகுப்புகளில் பத்திரங்களைப் பகுத்தாய்தலும் முதலீட்டுத் தொகுப்பு மேலாண்மையும் என்று ஒரு தாள் இருக்கும். பணத்தின் கால மதிப்பு, ஒரு கம்பெனியின் ஐந்தொகையை வாசிப்பது, வருமானத்தையும் ஆபத்தையும் அளப்பது, பலவகை முதலீடுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு அமைப்பது, ஆண்டு கழித்து அதைச் சோதித்து மாற்றுவது என்று படிப்படியாகப் போகும். இந்தியா முழுக்க இந்தத் தாளுக்கு மாணவர்கள் வாசிக்கும் பாடநூல்களில் ஒன்றை எழுதியவர், நமக்குப் பக்கத்தில் உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வணிகவியல் துறைப் பேராசிரியராக இருந்த புனிதவதி பாண்டியன் என்பது நமக்குப் பெருமை.

இந்தப் பாடத்தின் நடுப்பகுதியில் இருப்பது ஹாரி மார்கோவிட்ஸ் என்ற அமெரிக்கரின் கருத்து. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர், 1952-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதற்காக 1990-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் சொன்னதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறோம்.

ஒரு தொழிலில் நல்ல வருடத்தில் நூற்றுக்கு 30 லாபம், கெட்ட வருடத்தில் 10 நஷ்டம் என்று வையுங்கள். சராசரி 10 லாபம். இன்னொரு தொழிலும் அதே மாதிரிதான். ஆனால் முதல் தொழிலுக்கு நல்ல வருடம் இதற்குக் கெட்ட வருடம், அதற்குக் கெட்டது இதற்கு நல்லது. ஒருவர் பணத்தைப் பாதி பாதியாக இரண்டிலும் போட்டால் ஒவ்வொரு வருடமும் ஒன்றில் 30 வரும், மற்றதில் 10 போகும். மொத்தத்தில் எந்த வருடமும் நூற்றுக்கு 10 லாபம். சராசரி குறையவில்லை, ஆனால் நஷ்ட வருடம் என்பதே இல்லாமல் போயிற்று. அதே இரண்டு தொழிலும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குபவையாக இருந்தால், இரண்டில் போட்டும் பயன் இல்லை. கெட்ட வருடத்தில் இரண்டும் சேர்ந்தே கீழே போகும். ஆகவே எத்தனை இடத்தில் போடுகிறோம் என்று எண்ணினால் மட்டும் போதாது. அவை ஒன்றோடொன்று எப்படி நகர்கின்றன என்று பார்க்க வேண்டும். மார்கோவிட்ஸ் கணிதமாக எழுதிக் காட்டியது இதைத்தான். நடைமுறையில் இவ்வளவு கச்சிதமாக எதிரெதிரே ஓடும் தொழில்கள் கிடைப்பதில்லை. ஆனால் கொஞ்சம் வேறுபட்டு ஓடினாலே ஆபத்து குறையும்.

அந்தப் பிள்ளை இதைச் சொன்னபோது ஹாஜியார், "தறியும் மல்லிகைத் தோட்டமும் வச்சிருக்கிறவன் மாதிரி" என்றார். "ஆமா ராவுத்தர் மாமா, அதேதான்" என்று சிரித்தது பிள்ளை. நூல் விலை ஏறினால் தறி நஷ்டப்படும், ஆனால் நம் பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை நூல் விலையைப் பார்த்து இறங்குவதில்லை. முகூர்த்தத்தையும் மழையையும் பனியையும் பார்த்துத்தான் மல்லிகை ஏறி இறங்கும்.

குழு அன்றே உதவியை அனுமதித்தது. முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டினோம். நிபந்தனை என்று எதுவும் வைக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டோம்: விடுமுறையில் ஊருக்கு வரும்போது நம் அறக்கட்டளையின் சொத்துக் கணக்கை எங்களோடு உட்கார்ந்து ஒருமுறை வாசித்துத் தர வேண்டும்.

இந்த ரமலான் விடுமுறையில் அவள் தன் தகப்பனாரோடு வந்தாள். முதலாண்டில் புள்ளியியல் பகுதி கடினமாக இருந்ததாகவும், பள்ளிக்கூடத்தில் கணக்கை இன்னும் கவனமாகப் படித்திருக்கலாம் என்றும் சொன்னாள். மாணவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு எங்கள் பேரேட்டை வாசித்து, ஒரே ஒரு தாளில் நம் சொத்துக்களை எழுதினாள். ரொக்கம், நடப்புக் கணக்கில். வாடகைக்கு விட்ட கடைகள் நான்கு, ஒரே தெருவில். இரண்டு நூல் கடை, ஒன்று தறி உதிரி பாகக் கடை, ஒன்று ஜவுளிக் குடோன். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே, "மாமா, நீங்க நாலு கடைன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரு கடைதான் தெரியுது" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை. வாடகை வரவுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். 2020 ஊரடங்கில் நான்கு கடை வாடகையும் ஒரே மாதத்தில் நின்றிருக்கிறது. 2022-இல் நூல் விலை தாறுமாறாக ஏறி, தமிழ்நாடு முழுக்கத் தறிகள் நின்ற மாதங்களில் நான்கு பேருமே பாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மாதங்களில்தான் நம் விதவைத் தாய்மார்களுக்கான மாத உதவியைப் பாதியாகக் குறைத்தோம். தறிக்கு வேலை இல்லாத, அவர்களுக்கு உதவி அதிகம் தேவைப்பட்ட அதே மாதங்களில் நம்மிடம் பணம் இல்லை. அதை விதி என்று நினைத்திருந்தோம். நாம் சொத்து வைத்திருந்த விதத்திலேயே அது இருந்தது.

அன்று இரவு எங்களுக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. மதரஸாவில் புகாரி ஷரீஃப் ஓதியபோது வந்த பாடம். ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது விட்டுச்சென்ற சொத்தின் விவரம் அதில் வருகிறது. அல்காபா என்ற நிலம். மதீனாவில் பதினொரு வீடுகள், பஸராவில் இரண்டு, கூஃபாவில் ஒன்று, மிஸ்ரில் ஒன்று. அவர்கள் தலையில் பெரும் கடனும் இருந்தது. மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அந்தச் சொத்திலிருந்து கடன் முழுவதையும் அடைத்து, வாரிசுகளுக்கும் பங்கு கொடுத்தார்கள். அந்த ஊர்களின் பெயர்களை நாங்கள் அன்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். நாலு ஊர்களில், நாலு விதமான சந்தைகளில் அந்த வீடுகள் இருந்தன என்பதை முப்பது வருடம் கழித்து, கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை நம் நாலு கடையைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் கவனித்தோம். மதரஸாவும் கல்லூரியும் ஒரே வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இனி ஹாஜியார் முதல் நாள் கேட்ட கேள்விக்கு வருவோம். ஷேர் சூதாட்டமா?

பங்கு என்பது ஒரு கம்பெனியின் உரிமையில் ஒரு சிறு துண்டு. லாபம் வந்தால் பங்கு, நஷ்டம் வந்தால் அதிலும் பங்கு. கூட்டு வியாபாரத்தின் இலக்கணம் இது. ஆதாயத்தை விரும்புகிறவன் நஷ்டத்தையும் ஏற்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. ஆபத்து இல்லாமல் அதிக வருமானம் இல்லை என்பது பல்கலைக்கழகப் பாடத்தின் முதல் பக்கம். இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன. ஆனால் எல்லாப் பங்கும் நமக்கு ஆகாது. மது, புகையிலை, பன்றி, சூது, வட்டித் தொழில் நடத்தும் கம்பெனிகளை ஷரீஅத் வாரியங்கள் முதலிலேயே விலக்கிவிடும். மற்ற கம்பெனிகளிலும் வட்டிக் கடன் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் விலக்கும். கணக்கிடும் முறை வாரியத்துக்கு வாரியம் சற்று மாறும். மூன்றில் ஒரு பங்கு என்பது பலர் வைத்திருக்கும் எல்லை. சிறிதளவு வட்டி வருமானம் கலந்திருந்தால் அந்த விகிதத்தைக் கணக்கிட்டு நன்மையை நாடாமல் கொடுத்துவிட வேண்டும். இந்தியாவில் இந்த அளவுகோலின்படி தயாரித்த குறியீடுகள் தேசியப் பங்குச் சந்தையிலும் மும்பைச் சந்தையிலும் இருக்கின்றன. அதையொட்டிய மியூச்சுவல் ஃபண்டுகளும் இருக்கின்றன. எதையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஹலால் ஆகிவிட்டால் பத்திரமானது என்று நினைத்துவிடவும் கூடாது. 2020 தொடக்கத்தில் இரண்டே மாதத்தில் சென்செக்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அடுத்த ஜூனில் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணத்தையும், மகள் நிக்காஹுக்கு வைத்த பணத்தையும் அதில் போட்டவர் அன்று என்ன செய்திருப்பார்? எந்தப் பணம் எப்போது தேவைப்படும் என்று பிரிப்பதுதான் அந்தப் பாடத்தின் முதல் வேலை.

'ஹலால்' என்ற பெயர்ப்பலகையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூரு ஒரு பாடம். 2006-இல் தொடங்கிய ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம், வட்டி இல்லை, லாபப் பங்கு என்று சொல்லி முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டியது. 2019 ஜூனில் கதவடைத்தது. நிறுவனர் துபாய் சென்றுவிட்டார். பிறகு டெல்லியில் கைதானார். புகார் கொடுத்தவர்கள் மட்டும் 40,000 பேருக்கு மேல். சீட்டு நகையை விற்றுப் போட்ட பெண்கள், ஓய்வூதியத்தைப் போட்ட பெரியவர்கள். அவர்கள் மார்க்கப் பற்றில் குறைந்தவர்கள் அல்லர். இந்த லாபம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது, நஷ்டம் வந்தால் யார் தலையில், கணக்கைத் தணிக்கை செய்தவர் யார் என்று கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருந்தால் அவ்வளவு பணம் போயிருக்காது. மாதாமாதம் மாறாத லாபம் உறுதி என்று ஒருவர் சொன்னால், அது ஷரீஅத்தின்படி கூட்டு வியாபாரமும் அல்ல, செபியின் விதிப்படி முறையான முதலீடும் அல்ல. இந்த ஒரு வரியை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் சென்றாலும் போதும்.

நல்ல உதாரணமும் உண்டு. மலாயாவின் கிராமத்து முஸ்லிம்கள் ஹஜ்ஜுக்காகப் பணத்தை வீட்டில் ஒளித்து வைத்தும், வயலையும் மாட்டையும் விற்றும் போய், திரும்பி வந்து ஏழைகளாக நின்றார்கள். மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ் இதை ஆராய்ந்து, 1959-இல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். மக்கள் சிறுகச் சிறுகச் சேமிக்க, அந்தப் பணம் வட்டியில்லாத் தொழில்களில் முதலீடாக, லாபத்தோடு அவர்கள் ஹஜ் செய்ய வேண்டும் என்பது திட்டம். 1963-இல் தொடங்கிய அந்த அமைப்புதான் இன்றைய தாபுங் ஹாஜி. ஆனால் அதுவும் தவறியது. 2018-இல் அதன் கடப்பாடுகள் சொத்தைவிட மிஞ்சியிருப்பது வெளியே வந்து, நலிந்த சொத்துக்களை அரசு தனியாகப் பிரித்தெடுத்து அதைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. நல்ல எண்ணத்தோடு தொடங்கியதையும் ஒவ்வோர் ஆண்டும் படித்தவர்கள் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

இந்தப் படிப்புக்கு வழி தொலைவில் இல்லை. திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் நம் சமுதாயத்தின் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971 முதல் நடக்கிறது. எம்.பி.ஏ.வுக்கு டான்செட் நுழைவுத் தேர்வு எழுதலாம். செபி 2006-இல் தொடங்கிய என்.ஐ.எஸ்.எம். நிறுவனத்தின் சான்றிதழ்த் தேர்வுகளைப் பட்டப்படிப்போடு சேர்த்தே எழுதலாம், கட்டணம் பெரிதல்ல. இஸ்லாமிய நிதியியலை ஆழமாகப் படிக்க விரும்புவோருக்கு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டயப் படிப்பும், கோலாலம்பூரில் இதற்காகவே 2005-இல் நிறுவிய இன்செய்ஃப் பல்கலைக்கழகமும் உண்டு. மதரஸா முடித்து, பிறகு பட்டம் படித்த பிள்ளைகளுக்கு இதில் தனி இடம் இருக்கிறது. ஷரீஅத் வாரியங்களுக்கு இரண்டும் தெரிந்தவர்கள்தான் தேவை.

கடைசியாக, அறக்கட்டளை எடுத்துள்ள முடிவுகள். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை சட்டம் சொல்லும் வழிகளில் மட்டுமே முதலீடு செய்யலாம். பொதுவாக நேரடியாகக் கம்பெனிப் பங்கு வாங்க முடியாது. இடம், கட்டடம் வாங்கலாம், மியூச்சுவல் ஃபண்ட் யூனிட் வாங்கலாம் என்று தணிக்கையாளர் தெரிவித்திருக்கிறார். எனவே, ஆறு மாத உதவித்தொகைக்கான பணத்தைத் தொடாமல் தனியே வைக்கிறோம். அடுத்து காலியாகும் கடையை நூல், ஜவுளி அல்லாத தொழிலுக்கே விடுவது என்று தீர்மானித்திருக்கிறோம். நம் கையில் இன்னும் ஒரு குடும்பத்தின் யத்தீம் பணம் இருக்கிறது. அதை எப்படி வைப்பது என்பதை ஆலிம்கள் இருவர், தணிக்கையாளர், செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவர் ஆகியோர் முன்னிலையில், அந்தத் தாயாரையும் அமரவைத்துப் பேசி, எழுதி, கையெழுத்திட்டுத்தான் முடிவு செய்வோம். இனி எதுவும் வாய்ப்பேச்சில் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை இன்று இந்த மேடையில் ஹாஜியார் தம் கையால் அவளுடைய தகப்பனாரிடம் கொடுக்கிறார். அது அறக்கட்டளைப் பணம் அல்ல. ஹாஜியாரின் சொந்தப் பணம். இதைச் சொல்ல வேண்டாம் என்றார். மன்னிக்க வேண்டும், சொல்லிவிட்டோம்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் கணக்கில் ஆர்வமுள்ள மகனோ மகளோ இருந்தால், இந்தப் பாடத்தைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். விண்ணப்பப் படிவம் அலுவலகத்தில் கிடைக்கும். 2009-இல் எங்களுக்குத் தெரியாதது, அடுத்த யத்தீம் பிள்ளையின் பணம் நம் கைக்கு வரும் நாளில் நம் ஊரில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. அமானிதத்தை நிறைவேற்றியவர்களாக நம்மை அவன் முன் நிறுத்துவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.